எலிக்குட்டி கையெழுத்துப் போட மாட்டாள்!

மேஜை மேல் இருந்த டெலிபோன் வீறிட்டது.

காலை மணி பதினொன்று பதினெட்டு.

ஒரு கையில் மவுஸ், மறு கையில் ஆறிப்போன காபி என்று உட்கார்ந்திருந்த எலிக்குட்டி, காபியை வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தாள். மவுஸை விடவில்லை. விடவும் மாட்டாள். அந்த மருந்துக் கம்பெனியின் ஒன்பது சர்வர்களையும் அந்த ஒற்றை மவுஸை வைத்தே மேய்க்கிறவள். அந்தப் பெயர் வந்ததே அதனால்தான்.

"மே... மேடம்..."

வாட்ச்மேன். மூச்சு இரைத்தது.

"சொல்லுங்கண்ணே."

"சர்வர் ரூம்ல... தரம் சார்... கீழ கிடக்கறாரு மேடம்! கண்ணாடி வழியா தெரியுது! கதவு திறக்க மாட்டேங்குது!"



தரம் சார் என்றால் மாத்திரைகளின் தரத்தைச் சோதிக்கும் பிரிவின் தலைவர். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவள் மேஜையைக் கடக்கும்போது, "என்னம்மா, மவுஸுக்குத் தீனி வெச்சாச்சா?" என்று கேட்காமல் போக மாட்டார்.

அவள் திரையைப் பார்த்தாள்.

சர்வர் அறையின் கதவு, விளக்கு, ஏ.சி., தீயணைக்கும் வாயு... எல்லாவற்றையும் ஆட்டிப் படைக்கும் புரோகிராம் அதில் இருந்தது. கதவு: பூட்டியது. உள்ளிருந்து திறக்கும் பட்டன்: நிறுத்தப்பட்டது. எச்சரிக்கை மணி: நிறுத்தப்பட்டது. வாயு...

வாயு: திறக்கப்பட்டது!

"அண்ணே, கதவைத் திறக்கறேன். திறந்ததும் உள்ள ஓடாதீங்க! மூச்சை அடைச்சிடும். தள்ளி நில்லுங்க, முதல்ல வாயு வெளிய போகட்டும்!"

க்ளிக். க்ளிக்.

கதவு திறந்தது. எலிக்குட்டி இரண்டு மாடியையும் படி தாண்டித் தாண்டி இறங்கினாள்.

பிரயோஜனமில்லை.

தரம் சார் கதவுக்கு அருகிலேயே குப்புறக் கிடந்தார். வலது கை பட்டனை நோக்கி நீண்டிருந்தது. அந்தப் பட்டனை அவர் எத்தனை முறை அமுக்கியிருப்பாரோ!

எலிக்குட்டி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடிப்பதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

*

"இதுல ஒரு கையெழுத்து போட்டுடும்மா," என்றார் டைரக்டர்.

மணி பன்னிரண்டு பத்து. டைரக்டரின் அறை. பெரிய மேஜை, பெரிய நாற்காலி, சுவரில் பெரிய டி.வி. அந்த அறையில் சின்னதாக இருந்தது டைரக்டரின் பொறுமை மட்டும்தான்.

"என்ன சார் இது?"

"படிச்சுப் பாரு."

பணியாளர் விவகாரங்களைக் கவனிக்கும் ஹெச்.ஆர். மேடம் காகிதத்தை நீட்டினாள். அப்போதுதான் அச்சானது போல; இன்னும் சூடாக இருந்தது.

'தீயணைப்பு வாயுவுக்கு மாதாந்திரச் சோதனை ஏற்பாடு செய்தபோது, கவனக்குறைவால் தேதியையும் நேரத்தையும் தவறாகக் குறித்துவிட்டேன். நடந்த துயரத்துக்கு நானே முழுப் பொறுப்பு...'

எலிக்குட்டி காகிதத்தை மேஜையில் வைத்தாள்.

"முடியாது சார்."

"என்னது?"

"கையெழுத்துப் போட முடியாது. நான் செய்யலை."

ஜன்னலோரமாக நின்றிருந்த இன்ஸ்பெக்டர் ஒரு தும்மல் போட்டுவிட்டுத் திரும்பினார். ஜலதோஷம். அறை ஏ.சி. வேறு அவரைப் பழிவாங்கிக் கொண்டிருந்தது.

"இங்க பாரும்மா. பதினொண்ணு பத்துக்குக் கதவு தானா பூட்டி, வாயு தானா திறக்கணும்னு யாரோ முன்கூட்டியே ஏற்பாடு பண்ணியிருக்காங்க. அந்த ஏற்பாடு உன் பேர்ல இருக்கு. இவர்தான் எடுத்துக் காட்டினார்."

'இவர்' என்று அவர் காட்டியது கமாண்டரை.

சர்வர் பிரிவில் எலிக்குட்டிக்கு மேலே இருப்பவர். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து... அதைத் தவிர வேறு எதையும் கம்ப்யூட்டர் என்று ஒப்புக்கொள்ளாதவர். எல்லாம் கமாண்டு, எல்லாம் கீபோர்டு. அவர் மேஜையில் மவுஸ் உண்டு. அதன் மேல் தூசியும் உண்டு. எலிக்குட்டி என்று பெயர் வைத்த புண்ணியவானும் அவரேதான்.

"எனக்கும் மனசு கேக்கலை தங்கச்சி," என்றார் கமாண்டர் தொண்டை கரகரக்க. "சார் கேட்டாரு. லிஸ்டை எடுத்தேன். உன் பேர் இருந்துது. நான் பொய் சொல்ல முடியுமா? பேசாம கையெழுத்தைப் போட்டுடு. தெரியாம நடந்ததுன்னா சின்ன கேஸ். வேற வேலைக்கு நானே ஆள் பிடிச்சுத் தர்றேன்."

"நான் செய்யாததுக்கு சின்ன கேஸ் எதுக்கு, பெரிய கேஸ் எதுக்கு அண்ணே?"

"கதவைத் திறந்தது யாரு?" டைரக்டர் மேஜையைத் தட்டினார். "நீதானே? உன் சீட்ல உக்காந்தபடி திறந்தே! திறக்கத் தெரிஞ்சவளுக்குப் பூட்டத் தெரியாதா?"

"தெரியும் சார். உங்களுக்குக்கூட என் கழுத்தை நெறிக்கத் தெரியும். அதுக்காக இன்னிக்கு நெறிச்சீங்கனு அர்த்தமா?"

டைரக்டர் காகிதத்தை மறுபடி அவள் பக்கம் தள்ளினார்.

ஹெச்.ஆர். மேடம் குரலில் வெண்ணெயைத் தடவிக்கொண்டாள்.

"உனக்கு ஏழு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. அவளை நினைச்சுப் பாரு. கொலைக் கேஸ்னா ஜாமீன்கூடக் கிடைக்காது."

"அவளை நினைச்சுத்தான் மேடம் போட மாட்டேங்கறேன்! நாளைக்கு அவ வந்து 'அம்மா, நீ ஒருத்தரைக் கொன்னியா?'னு கேட்டா, 'ஆமாண்டி, பாரு, கையெழுத்துகூடப் போட்டிருக்கேன்'னு காட்டணுமா?"



எலிக்குட்டி இன்ஸ்பெக்டரின் பக்கம் திரும்பினாள். கன்னத்தில் காய்ந்த கண்ணீர்க் கோடு இருந்தது. கண்ணில் ஒரு சொட்டுப் பயம் இல்லை.

"சார், எனக்கு ஒண்ணரை மணி வரைக்கும் டைம் குடுங்க. என் சீட்ல, உங்க கண்ணு முன்னாடி. செஞ்சது யாருன்னு காட்டறேன். முடியலைனா விலங்கு மாட்டுங்க. ஆனா கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

இன்ஸ்பெக்டர் தும்மினார்.

அதைச் சம்மதம் என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

*

"சர்வர் ரூமுக்கு சீல் வெச்சாச்சேம்மா. உள்ள போகாம எப்படிப் பார்ப்பே?"

"நான் என்னிக்கு சார் உள்ள போயிருக்கேன்? இங்க உக்காந்தே எல்லாத்தையும் பார்க்கலாம்."

எலிக்குட்டி தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்ஸ்பெக்டர். பின்னால் ஒரு கான்ஸ்டபிள் நின்று, திரையையும் அவள் கையையும் செல்போனில் படம் பிடித்துக் கொண்டிருந்தார். அது இன்ஸ்பெக்டரின் நிபந்தனை.

திரையில் ஒன்பது கட்டங்கள். ஒன்பது சர்வர்கள். எட்டில் பச்சை, ஒன்றில் சிவப்பு.

"சிவப்பு எது?"

"அதுதான் சார் நம்ம சர்வர். கதவு, வாயு எல்லாம் அதுலதான் ஓடுது."

க்ளிக்.

"இது டாஸ்க் ஷெட்யூலர். இன்ன நேரத்துக்கு இன்ன வேலையைச் செய்னு சொல்லி வெச்சா, சர்வர் தானே செஞ்சுடும். பாருங்க. இன்னிக்கு பதினொண்ணு பத்து. கதவைப் பூட்டு, வாயுவைத் திற."

"ஏற்பாடு பண்ணினது யாரு?"

"என் பேர்."

"எப்ப?"

"பத்து இருபதுக்கு."

"அப்ப நீ எங்கே இருந்தே?"

"இதே சீட்ல. தனியா."

இன்ஸ்பெக்டர் அவளை ஒரு தினுசாகப் பார்த்தார்.

"உன் மேல நீயே சாட்சி சொல்லிட்டிருக்கியேம்மா!"

"இருங்க சார். முழுசாப் பார்ப்போம்."

க்ளிக். வேறொரு ஜன்னல் திறந்தது.

"இது ஈவென்ட் வியூவர். சர்வரோட டைரி. யார் வந்தா, எங்கேர்ந்து வந்தா, எப்பப் போனா... எல்லாம் எழுதி வைக்கும்."

"அப்புறமென்ன? எடு!"

"காலியா இருக்கு சார். பத்து முப்பத்துமூணுக்கு யாரோ மொத்தத்தையும் அழிச்சிருக்காங்க. ஒரே ஒரு வரி மட்டும் பாக்கி. 'பதிவுகள் அழிக்கப்பட்டன.' அழிச்சவங்க பேரோட."

"அழிச்சதையும் எழுதி வைக்குமா?"

"வைக்கும். டைரியைக் கிழிச்சா, 'இன்னார் கிழிச்சார்'னு முதல் பக்கத்துல எழுதிக்கும்."

"யார் பேரு?"

"அதுவும் என் பேர்தான்."

கான்ஸ்டபிளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. செல்போன் ஆடியது.

எலிக்குட்டி அசரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மவுஸை உருட்டினாள். இதைத் திறந்தாள், அதைத் திறந்தாள். இரண்டு நிமிடம்... மூன்று நிமிடம்...

மவுஸ் நின்றது.

"சார்! இதைப் பாருங்க!"

"என்ன?"

"ஒருத்தர் சர்வருக்குள்ளயே நுழைஞ்சு, அதோட திரையில உக்காந்து வேலை பார்த்தா, அவர் பேர்ல சர்வர் ஒரு ஃபோல்டர் போடும். முதல் தடவை நுழையறப்ப மட்டும். இதோ என் பேர்ல ஒண்ணு. எப்பப் போட்டிருக்கு?"

இன்ஸ்பெக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

"இன்னிக்கு... பத்து பதினாறு!"

"நான் மூணு வருஷமா இந்த சர்வரைப் பார்த்துக்கறேன் சார். ஒரு தடவைகூட அதுக்குள்ள நுழைஞ்சதில்லை. எனக்குத் தேவையே இல்லை. இப்பப் பார்த்தீங்களே, எல்லாத்தையும் வெளியிலேர்ந்தேதான் பார்த்தேன். இந்த ஏற்பாட்டையும் நான் இங்கேர்ந்தே பண்ணியிருக்கலாம். மூணு வருஷமா நுழையாத வீட்டுக்குள்ள இன்னிக்கு எதுக்கு நுழையணும்?"

இன்ஸ்பெக்டர் தும்ம மறந்தார்.

"உன் பேர்ல வேற யாரோ..."

"நுழைஞ்சிருக்காங்க. என் பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

எலிக்குட்டி கொஞ்சம் தயங்கினாள்.

"தப்பு என் மேலயும் இருக்கு சார். ஆறு மாசம் முன்னாடி காய்ச்சல்ல படுத்திருந்தேன். அவசரமா ஒரு வேலைன்னு டைரக்டர் ரூம்லேர்ந்து போன் வந்துது. ஸ்பீக்கர்ல போட்டிருந்தாங்க. பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தா சொன்னேன். டைரக்டர், ஹெச்.ஆர். மேடம், கமாண்டர் அண்ணன்... மூணு பேரும் இருந்தாங்க. அப்புறமா நான் மாத்தலை. 'பாஸ்வேர்டு காலாவதி ஆகக் கூடாது'னு ஒரு கட்டத்துல டிக் போட்டு வெச்சிருந்தேன். சோம்பேறித்தனம்."

"மூணு பேர்ல ஒருத்தர்..."

"ஆமா சார்."

"உடனே பாஸ்வேர்டை மாத்து!"

"மாட்டேன்!"

"என்னம்மா எதுக்கெடுத்தாலும் மாட்டேங்கறே?"

எலிக்குட்டி அவர் காதருகே குனிந்து எதையோ சொன்னாள். இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது. ஏறிய புருவம் இறங்கவே இல்லை.

"செய்," என்றார்.

அடுத்த ஐந்து நிமிடம் மவுஸ் மட்டும்தான் பேசியது. கான்ஸ்டபிளின் செல்போன் எல்லாவற்றையும் பார்த்துக் கொண்டிருந்தது.

*

டைரக்டரின் அறையில் மூன்று பேரும் காத்திருந்தார்கள். மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

எலிக்குட்டி சுவர் டி.வி.யில் தன் திரையைக் கொண்டுவந்தாள். ஒரு சின்னப் பட்டியல். அதில் ஒரே ஒரு வரி. அவள் பெயர். பெயருக்கு நேராக ஒரு வார்த்தை.

'துண்டிக்கப்பட்டது.'

"என்ன இது?" டைரக்டர் உறுமினார்.

"சர்வருக்குள்ள இப்ப யாரெல்லாம் இருக்காங்கங்கற லிஸ்ட் சார். கொலை பண்ணின ஆள் என் பேர்ல உள்ள நுழைஞ்சாரு. வேலையை முடிச்சாரு. கிளம்பறப்ப முறையா வெளியேற 'சைன் அவுட்' கொடுக்காம, மூலையில இருக்கற பெருக்கல் குறியை அமுக்கி ஜன்னலை மட்டும் மூடிட்டுப் போயிட்டாரு."

"மூடினா முடிஞ்சுதே?" என்றாள் ஹெச்.ஆர். மேடம்.

"முடியாது மேடம். வீட்டைப் பூட்டிட்டு வெளிய வந்துட்டா உள்ள எரியற அடுப்பு அணைஞ்சுடுமா? அவர் திறந்து வெச்சதெல்லாம் உள்ள திறந்தது திறந்தபடி கிடக்குது. எந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து வந்தாருங்கறதுகூட."

டைரக்டர் கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றினார். ஹெச்.ஆர். மேடம் தன் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கமாண்டர் கடகடவென்று சிரித்தார்.

"அப்படிப் போடு எலிக்குட்டி! திறந்து காட்டு, யாருன்னு பார்த்துடலாம்!"

"அவ தொடக் கூடாது," என்றார் இன்ஸ்பெக்டர். "சந்தேகத்துல இருக்கறவ. எங்க சைபர் நிபுணர் ஒண்ணரை மணிக்கு வர்றாரு. அவர் திறப்பாரு. அதுவரைக்கும் எல்லாரும் அவங்கவங்க சீட்ல இருங்க. யாரும் வெளிய போகக் கூடாது."

கலைந்தார்கள்.

*

ஒன்று ஐந்து.

எலிக்குட்டியின் திரையில் அந்த ஒற்றை வரி அப்படியே இருந்தது. துண்டிக்கப்பட்டது.

"வருவாங்களாம்மா?"

"வருவாங்க சார்."

ஒன்று பத்து. துண்டிக்கப்பட்டது.

"பக்கத்துல ஒரு கட்டம் காலியா இருக்கே?"

"உள்ள வர்ற கம்ப்யூட்டரோட பேர் அங்க விழும் சார். இந்த ஆபீஸ்ல எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பேர் வெச்சது நான்தான்."

ஒன்று பதினைந்து. இன்ஸ்பெக்டருக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்து அடக்கினார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஒன்று பதினெட்டு.

"வரலைனா என்னம்மா பண்றது?"

"விலங்கு இருக்கு, கை இருக்கு. மாட்டுங்க. கையெழுத்து மட்டும்..."

"தெரியும், தெரியும்! போட மாட்டே!"

ஒன்று இருபது... ஒன்று இருபத்தொன்று...

வரி துடித்தது.

'துண்டிக்கப்பட்டது' மறைந்தது. அதே இடத்தில் புதிதாக ஒரு வார்த்தை.

'இயங்குகிறது.'

"சார்!!"

"பேரு... பேரு என்ன விழுந்திருக்கு?"

காலிக் கட்டத்தில் எழுத்துகள் உதித்தன.

எலிக்குட்டி படித்தாள். நம்பாமல் மறுபடியும் படித்தாள். டைரக்டரின் கம்ப்யூட்டர் இல்லை. ஹெச்.ஆர். மேடத்தினுடையதும் இல்லை.

"அட்மின் ஒண்ணு," என்றாள் மெல்ல. "கமாண்டர் அண்ணன்..."

அந்த வரியே மறைந்து போனது. பட்டியல் காலி!

"வெளிய போயிட்டான்! வாங்க!"

*

கமாண்டர் தன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் அதே சிரிப்பு. எதிரே கறுப்புத் திரை.

"என்ன இன்ஸ்பெக்டர் சார், ஓடி வர்றீங்க? நிபுணர் வந்தாச்சா?"

"இப்ப ரெண்டு நிமிஷம் முன்னாடி சர்வருக்குள்ள நுழைஞ்சே. இவ பேர்ல."

"ஓ, அதுவா? ஆமா, நுழைஞ்சேன். இந்தப் பொண்ணு உளறதே, உண்மையானு பார்க்கலாம்னு போனேன். பாஸ்வேர்டு எனக்கு ஆறு மாசமாத் தெரியும். டைரக்டருக்குத் தெரியும், மேடத்துக்கும் தெரியும். தெரிஞ்சா குத்தமா?"

"நுழைஞ்சு என்ன பண்ணினே?"

"தெரியாம சைன் அவுட் ஆயிடுச்சு. எனக்கு மவுஸ் பழக்கமில்லை பாருங்க!" கமாண்டர் எலிக்குட்டியைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாவம் தங்கச்சி. உள்ள என்னென்ன திறந்து கிடந்துதோ... எல்லாம் போச்சு. இனிமே எந்த நிபுணர் வந்து எதைப் பார்க்கறது? என் மேல கைவைக்க உங்ககிட்ட என்ன சார் இருக்கு?"

இன்ஸ்பெக்டர் எலிக்குட்டியைப் பார்த்தார்.

 மூன்று வருடம் அண்ணே, அண்ணே என்று கூப்பிட்ட வாய். ஆனால் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"எதுவும் போகலை அண்ணே. அதுக்குள்ள ஒண்ணுமே இல்லை."

"என்ன?"

"நீங்க காலையில ஒழுங்காத்தான் சைன் அவுட் பண்ணிட்டுப் போயிருந்தீங்க. பன்னிரண்டரைக்கு நான் பார்த்தப்ப லிஸ்ட் காலியாத்தான் இருந்துது. நீங்க இப்ப மூடினீங்களே, அது நான் திறந்து வெச்சது! பன்னிரண்டு ஐம்பதுக்கு, கான்ஸ்டபிள் படம் பிடிக்க, நானே உள்ள போயி, நானே பெருக்கல் குறியை அமுக்கி மூடினேன்."

கமாண்டரின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து போனது.

"கொலை பண்ணாதவங்களுக்கு அது வெறும் லிஸ்ட். டைரக்டர் சார் வரலை. மேடம் வரலை. 'சைன் அவுட் பண்ணினோமா, ஜன்னலை மட்டும் மூடினோமா'ங்கற சந்தேகம் யாருக்கு வரும்? காலையில உள்ள போனவருக்குத்தான் வரும். மூணு வருஷமா மவுஸைக் கேவலம்னு சொன்னீங்களே அண்ணே... அதனாலதான் காலையில மவுஸ்ல நீங்களே பண்ணினதை உங்களால நம்ப முடியலை!"

"இ... இது ஆதாரமா? பார்க்கப் போனேன்னு சொன்னேனே!"

"பார்க்கப் போனவர் உங்க சொந்தப் பேர்லயே போயிருக்கலாமே? ஏன் போகலைனு நான் சொல்லட்டுமா? அந்தக் கறுப்புத் திரையைக் கொஞ்சம் மேலே தள்ளுங்க."

கமாண்டர் நகரவில்லை. இன்ஸ்பெக்டரே கையை நீட்டிக் கீபோர்டைத் தட்டினார். திரை மேலே ஓடியது.

ஒரே கமாண்டு. மூன்று முறை. மூன்று முறையும் ஒரே பதில்: அனுமதி இல்லை.

"முதல்ல உங்க பேர்ல கமாண்டு அடிச்சு அதை மூடப் பார்த்திருக்கீங்க. 'தெரியாம ஆயிடுச்சு'னீங்களே, மூணு தடவையா தெரியாம ஆகும்? முடியலை. ஏன்னா மத்தவங்க திறந்ததை மூடற அதிகாரம் நம்ம ரெண்டு பேருக்குத்தான்; அந்த அட்மின் குரூப்லேர்ந்து உங்க பேரை நான் எடுத்துட்டேன். ரெண்டே க்ளிக். என் பாஸ்வேர்டை மாத்தாம விட்டதும் நீங்க என் பேர்ல வரத்தான்."

கமாண்டர் எழுந்தார். கதவை நோக்கி ஓட நினைத்தார் போலிருக்கிறது. கதவை நிறைத்துக்கொண்டு கான்ஸ்டபிள் நின்றார். செல்போன் இன்னும் ஓடிக் கொண்டிருந்தது.

"ஏன் அண்ணே?" எலிக்குட்டி கத்தினாள். "தரம் சார் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினாரு?"

கமாண்டர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"ஒரு கமாண்டு..." என்றார் கடைசியாக. "ஒரே ஒரு கமாண்டு. பழைய ஃபோல்டர் ஒண்ணை அழிக்கப் போனேன். நடுவுல ஸ்பேஸ் ஒண்ணு அதிகமாத் தட்டிட்டேன். இருதய மாத்திரையோட மூணு மாச டெஸ்ட் ரிசல்ட் மொத்தமும் போயிடுச்சு."

"பேக்கப்? நகல் எடுத்து வெச்சிருப்பீங்களே?"

"இடம் பத்தலைனு நான்தான் நிறுத்தி வெச்சிருந்தேன். வெளிய சொன்னா... கமாண்டரே ஃபைலை அழிச்சிட்டான்னு ஊரே சிரிக்கும். நானே நம்பரையெல்லாம் எழுதி நிரப்பினேன். நேத்து தரம் சார் பார்த்துட்டாரு. அதே நம்பர் திரும்பத் திரும்ப வருதுன்னாரு. பழைய பேக்கப்பை சர்வர் ரூம்ல வெச்சு நேர்ல காட்டுன்னாரு. பதினொரு மணிக்கு நீங்க முன்னாடி போங்க, நான் வர்றேன்னேன்..."

"அது இருதய நோயாளிங்க சாப்பிடற மாத்திரை அண்ணே! மூணு மாசமா வெளிய போன மாத்திரைக்கு இருக்கறது வெறும் பொய் நம்பர்! அதைக் கண்டுபிடிச்ச மனுஷனைக் கொன்னுட்டு, பழியை என் தலையில கட்டினீங்களா?"

"மவுஸ் வேலைன்னா எல்லாரும் உன்னைத்தான் நினைப்பாங்க," என்று முனகினார் கமாண்டர்.

விலங்கு மாட்டும் சத்தம் கேட்டது.

எலிக்குட்டிக்கு அந்தச் சத்தம் க்ளிக் என்றுதான் கேட்டது.

வாசலில் டைரக்டரும் ஹெச்.ஆர். மேடமும் வந்து நின்றிருந்தார்கள்.

"நல்ல வேளைம்மா," என்று டைரக்டர் அசடு வழிந்தார். "நீ கையெழுத்துப் போடாம இருந்தே..."

"இப்பப் போடறேன் சார். வேற காகிதம் கொண்டு வாங்க. மூணு மாசமா வெளிய போன அத்தனை மாத்திரையையும் உடனே திரும்ப வாங்கணும்னு எழுதுங்க. முதல் கையெழுத்து உங்களுது. ரெண்டாவது நான் போடறேன்."

டைரக்டர் ஏதோ சொல்ல வந்தார். கான்ஸ்டபிளின் செல்போன் மெல்ல அவர் பக்கம் திரும்பியது.

"எழுதறேன், எழுதறேன்," என்றார் அவசரமாக.

*

நாலு மணி. மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்த எலிக்குட்டியின் செல்போன் ஒலித்தது. இன்ஸ்பெக்டர்!

"அம்மா, ஒரு சின்ன உதவி. ஸ்டேஷன்ல எங்க கம்ப்யூட்டர் திடீர்னு நின்னு போச்சு. லாக்கப்லேர்ந்து உங்க கமாண்டர் 'என்கிட்ட விடுங்க, ரெண்டு கமாண்டுல சரி பண்ணிடறேன்'ங்கறாரு. கீபோர்டைக் கொடுக்கட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம் சார்! கீபோர்டைக் கொடுத்தா உங்க மூணு மாசக் கேஸ் ஃபைலும் காணாமப் போயிடும்... மவுஸைக் கொடுங்க! அதைத் தொட்டா அவரே மாட்டிக்குவாரு!"